துறைத் தலைவராகப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

துறைத் தலைவர் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள், ஏற்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான் என்று போனில் வருத்தப்பட்டாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற அமெரிக்க நிலவியலாளர் நினைவுக்கு வந்தார். நிலவியல் படித்த உனக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் தலைவராக அவர் பட்ட பாட்டை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1793இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து டியர்ஃபீல்டில் பிறந்தவர். அப்பா தொப்பி செய்து விற்றவர், வீட்டில் வசதி கிடையாது. ஹார்வர்டு போகும் ஆசையோடு படித்துக்கொண்டிருந்தபோது பொன்னுக்குவீங்கி வந்து கண் பார்வை கெட்டது. படிப்பு அத்தோடு போயிற்று. ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. மாலுமிகள் நம்பிக் கப்பல் ஓட்டும் வானியல் பஞ்சாங்கத்தை எடுத்து, கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, டஜன் கணக்கில் பிழை கண்டுபிடித்தார். பட்டம் இல்லாத கிராமத்துப் பள்ளி ஆசிரியர் செய்த வேலை அது!

அதே பள்ளியில் பாடம் நடத்திய ஓராவை 1821இல் மணந்தார். சில காலம் பாதிரியாராக இருந்துவிட்டு, 1825இல் ஆம்ஹர்ஸ்டில் வேதியியல், இயற்கை வரலாறு இரண்டுக்கும் பேராசிரியர் ஆனார். வகுப்பறையில் அவர் தொங்கவிட்ட பெரிய துணிப் படங்கள் எல்லாம் ஓரா வரைந்தவை. பாறை அடுக்குகள், எலும்புக்கூடுகள், அழிந்துபோன விலங்குகள் என்று வண்ணத்தில் தீட்டியிருக்கிறாள். பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு! அவளுக்கும் அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

1835இல் கிரீன்ஃபீல்டு ஊரில் நடைபாதைக்குப் பதிக்கக் கொண்டுவந்த பலகைக் கற்களில் மூன்று விரல் கால் தடங்கள் இருந்தன. ஈர மண்ணில் வான்கோழி நடந்துபோன மாதிரி அச்சு அசலான தடம். ஜேம்ஸ் டீன் என்ற உள்ளூர் மருத்துவர் எழுதிச் சொல்ல, ஹிட்ச்காக் ஓடிப்போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டே கட்டுரை வெளியிட்டார். பழங்காலத்து ராட்சதப் பறவைகள் என்பது அவர் முடிவு. உண்மையில் அவை டைனோசர் தடங்கள், ஆனால் டைனோசர் என்ற பெயரே 1842இல்தான் வந்தது. பறவைகளே டைனோசர் வழி வந்தவை என்று இன்று தெரிந்த பிறகு, அவர் எவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறார் என்று பிரமிப்பாக இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 1845இல் அவரைக் கல்லூரித் தலைவராக்கியபோது கல்லூரி கடனில் மூழ்கியிருந்தது. மாணவர்கள் பத்து வருடத்துக்கு முன் இருந்ததில் பாதிப் பேர்தான். சம்பளம் கொடுக்கவே வழியில்லை. பேராசிரியர்கள் ஒன்று கூடி, வருகிற வருமானத்தில் கல்லூரிச் செலவு போக மிஞ்சுவதை நாங்கள் பங்கிட்டுக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். மிஞ்சாவிட்டால் இல்லை! அந்த நிலைமையில் பொறுப்பேற்றவர் ஹிட்ச்காக். பொத்தான் தொழிலில் பணம் சேர்த்த சாமுவேல் வில்லிஸ்டன் உதவினார். 1847இல் மாநில அரசு 25,000 டாலர் கொடுத்தது. கடன் அடைந்தது, வானாய்வுக்கூடமும் கற்கள் வைக்கக் கட்டடமும் எழுந்தன.

இத்தனைக்கும் நடுவே 1848இல் கால் தடங்களைப் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். அப்புறம், 1854இல் கல்லூரி நன்றாக நடக்கும்போதே பதவியை விட்டார். ஊரை விட்டுப் போகவில்லை. அதே கல்லூரியில் பழையபடி பேராசிரியராக வகுப்பெடுக்கப் போனார். தலைவராக இருந்தவர் இன்னொருவர் தலைமையில் வேலை பார்ப்பது லேசான காரியமா? அதன் பிறகுதான், 1858இல், கால் தடங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. 1864இல் இறக்கும்வரை கற்களோடுதான் இருந்தார்.

அதனால் பொறுப்பை ஏற்றுக்கொள் பாப்பா. உன் துறையில் ஆள் குறைகிறது, பணம் குறைகிறது என்கிறாய். தெரிந்தவள் நீ ஒதுங்கினால் தெரியாதவர் வந்து உட்காருவார். ஆனால் எத்தனை வருடம் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள். வாரத்தில் இரண்டு நாள் ஆய்வகத்துக்கு என்று கறாராகக் கேள். நீ கேட்கக் கூச்சப்படுவாய், எனக்குத் தெரியும். கேள்.

அவர் சேர்த்த கற்கள் ஆம்ஹர்ஸ்டில் பெனெஸ்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாஸ்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தானே. ஒரு சனிக்கிழமை குட்டியையும் கூட்டிக்கொண்டு போய்வா, டைனோசர் என்றால் அவன் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவான். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். என்ன முடிவு எடுத்தாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
அம்மா