டிஜிட்டல் ஓவியத்துக்கு ஜேபெக் மட்டும் கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் டிஜிட்டல் ஓவியப் போட்டிகளும் கண்காட்சிகளும் நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவித்தல்களில் ஒரு வரியை அடிக்கடி பார்க்கிறேன்: ஜேபெக் கோப்பு மட்டும், 1 எம்பிக்குள், வாட்ஸ்அப்பில் அனுப்பவும். இந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஏ3 தாளில் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சிட 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். சுருக்காமல் வைத்தால் அது ஏறக்குறைய 52 எம்பி. அதை 1 எம்பிக்குள் அடைக்கச் சொன்னால் ஒன்றில் படத்தின் அளவு குறையும், இல்லாவிட்டால் தரம் குறையும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதுவும் தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கிவிடும். அப்புறம் அதையே பெரிதாக்கிப் பதாகையில் அடித்து, கோடு சுத்தமாக இல்லை என்று புள்ளி குறைப்பது எந்த ஊர் நியாயம்?

1992இல் தரமாக்கப்பட்ட ஜேபெக், புகைப்படங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிகிறது. வெளிச்சத்தைவிட நிற வேறுபாட்டை நம் கண் குறைவாகவே கவனிக்கும் என்பதால், பல செயலிகள் நிறத் தகவலை இன்னும் தாராளமாகக் குறைக்கின்றன. நிலாவெளிக் கடற்கரைப் புகைப்படத்தில் இது யாருக்கும் தெரியாது. ஆனால் கோவில் மதிலின் காவி, வெள்ளைப் பட்டைகளை வரைந்து பாருங்கள். பட்டைகள் சந்திக்கும் இடத்தில் காவி கசியும், ஓரமெல்லாம் அழுக்குப் படிந்ததுபோல் புள்ளி விழும். திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகவே சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் இழப்பு கூடலாம். பிறகு அதை பிஎன்ஜி என்ற இழப்பில்லாத கோப்பு வகைக்கு மாற்றினாலும் போனது திரும்பாது.

பிஎன்ஜி 1996இல் வந்தது. சுருக்கும், ஆனால் ஒரு பிக்சலையும் மாற்றாது. பின்னணி இல்லாத படத்தையும் அப்படியே வைத்திருக்கும். நம்மூர் பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமானைப் பின்னணி இல்லாமல் வரைந்து ஜேபெக்காகச் சேமித்தால், மானைச் சுற்றி வெள்ளையோ கறுப்போ ஒரு பெட்டி வந்து நிற்கும். இன்னொன்று, கோலம் போலத் தட்டையான சில நிறங்களே உள்ள படத்தில் பிஎன்ஜி பெரும்பாலும் ஜேபெக்கைவிடச் சிறியதாகவே இருக்கும். தூரிகைத் தடமும் நிறக் கலவையும் நிறைந்த ஓவியத்தில்தான் அது பெருக்கும். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் வேண்டும்.

தாளில் வரைந்து போனில் படம் பிடித்து அனுப்புகிறவர்களுக்கு ஜேபெக் போதும், சரி. இணையத்தில் போடவும் அதுவே வசதி. அந்தப் பிரதியை நீங்களே கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். பெரிதிலிருந்து சிறிதை எடுப்பது ஒரு நிமிட வேலை.

அச்சுக்கு வருகிறேன். அச்சகம் கேட்கும், நான்கு அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறை பிஎன்ஜியில் இல்லை. டிஃப் என்ற இன்னொரு கோப்பு வகையில் உண்டு. அதற்காகப் போட்டியாளர்களிடம் டிஃப் கேட்டு அலைக்கழிக்காதீர்கள். போனில் ஐபிஸ் பெயின்ட் செயலியில் வரையும் பிள்ளை எங்கே போவாள்? பிஎன்ஜியை வாங்கி, நிற மாற்றத்தை அச்சகத்தில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். திரையில் பளபளத்த கடல் நீலம் அச்சில் மங்குவதை அங்கேயே பார்த்துச் சரிசெய்யலாம்.

பரிசுக்குத் தெரிவானவர்களிடம் மட்டும் லேயர், அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகள், உள்ள மூலக்கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். கிரிட்டாவில் வரைந்தால் கேஆர்ஏ, போட்டோஷொப்பில் என்றால் பிஎஸ்டி. முதல் கோட்டிலிருந்து படம் எப்படி வளர்ந்தது என்று பெரும்பாலும் அதில் தெரியும். ஏஐ படங்கள் போட்டிக்கு வருகின்றன என்று கவலைப்படும் உங்களுக்கும் அது உதவும். ஆனால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டிய கோப்பு அல்ல அது.

ஆகவே அடுத்த அறிவித்தலில் இப்படிப் போட்டால் போதும்: பிஎன்ஜி, நீளப் பக்கம் குறைந்தது 4961 பிக்சல், கூகுள் டிரைவ் இணைப்பாகவோ வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாகவோ அனுப்பலாம். டேட்டா இல்லாதவர்கள் பென்டிரைவில் கொண்டுவந்து தர ஒரு நாளும் இடமும் குறிப்பிடுங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருபவர்களையும் நினைத்து அந்த இடம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது.

நன்றி.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு டிஜிட்டல் ஓவியர்