கிழக்குக் கரையை மண்ணாகவே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருக்கோடி வாய்க்காலின் இரண்டு கரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விசாரித்தால், இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பப் போகிறார்களாம். பாகூர் ஏரித் தண்ணீரை ஊர் வழியாக வயலுக்குக் கொண்டுபோகிற சின்ன வாய்க்கால் இது. மேற்குக் கரையில் ரோடு இருக்கிறது, பஸ் போகிறது, அங்கே சுவர் வேண்டியதுதான். கிழக்குக் கரையை மட்டும் மண்ணாகவே விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த ஊரில் 31 வருடம் தபால் கொடுத்தவன். சைக்கிளில் இந்தக் கரையில் போகாத நாள் குறைவு. தண்ணீர் ஓடியதையும் பார்த்தேன், அது நின்றுபோனதையும் பார்த்தேன். வெங்காயத்தாமரை மூடிக்கொண்டது. நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வாய்க்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போயிற்று. நான்கு வருடத்துக்கு முன் பொக்லைன் வந்து பத்து நாளில் அத்தனையையும் வாரிப் போட்டது. தண்ணீர் மறுபடி ஓடியதைப் பார்த்து அன்றைக்கு எங்கள் தெருவே கரையில் வந்து நின்றது. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறோம்.

ஆனால் பொக்லைன் தோண்டிக் கொடுத்தது நேரான ஒரு பள்ளம். கரை செங்குத்தாக நின்றது. நிழல் கிடையாது, இறங்க வழி கிடையாது. முதல் மழைக்கே கரை சரிந்து, வாரிய மண்ணில் பாதி திரும்ப உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியோடு போக ஆரம்பித்தோம். சங்கம், பலகை எதுவும் இல்லை. பூக்கட்டும் அக்கா ஒருவர், பாலிடெக்னிக் படிக்கும் மூன்று தம்பிகள், நாற்று நடவுக்குப் போகும் பெண்கள், நான். சில வாரம் இருபது பேர், சில வாரம் நான்கு பேர்.

முதல் வருடம் ஒரு பெரிய தவறு செய்தோம். சுத்தம் என்றால் எல்லாவற்றையும் வெட்டுவது என்று நினைத்து, காட்டாமணக்கோடு சேர்த்து சம்பு, கோரை, தண்ணீர் மேல் சாய்ந்து நின்ற முள்மரம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தோம். அந்த முள்மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. மரம் விழுந்த பிறகு அந்தக் குருவிகள் இடத்தை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. "யாரைக் கேட்டுடா வெட்டினீங்க?" என்று மாடு மேய்க்கும் ஆயா ஒருவர் எங்களைத் திட்டினார். அந்தத் திட்டு நியாயமானது. இரண்டு வருடம் அந்த இடத்துக்குக் குருவி வரவில்லை.

அதிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். காட்டாமணக்கை வெட்டினால் போதாது. ஒரு துண்டு ஈர மண்ணில் விழுந்தாலும் வேர் விட்டுவிடும். வேரோடு பிடுங்கி, மேட்டில் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் எரிக்க வேண்டும். ஆடு மாடும் அதைத் தின்னாது. வெங்காயத்தாமரையை ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும், தை பிறந்த பிறகு ஒரு தடவையும் இழுத்துப் போடுகிறோம். சம்பையும் கோரையையும் ஒரு பக்கம் மட்டும் வெட்டி, மறுபக்கத்தை அந்த வருடம் தொடாமல் விடுகிறோம்.

கிழக்குக் கரையைத்தான் நிதானமாகச் சரித்தோம். ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி சரிவு. அதில் நட வெட்டிவேர் நாற்று கடலூர் பக்கம் நொச்சிக்காட்டிலிருந்து வந்தது. அங்கே மணலில் வெட்டிவேர் பயிர் செய்கிற ஒரு விவசாயி, எதற்கு என்று கேட்டுவிட்டு, ஒரு மூட்டைக்குக் காசு வாங்கவில்லை. அதன் வேர் பக்கவாட்டில் ஓடாது, நேராகக் கீழே பத்தடி வரைகூட இறங்கும். கரையின் மேல் பனங்கொட்டை போட்டோம், நீர்மருது வைத்தோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. அது வடிவதற்குள் தென்பெண்ணையின் மேல் பக்கம் உள்ள சாத்தனூர் அணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். பாகூர் கொம்யூனில் தென்பெண்ணையை ஒட்டிய ஊர்கள் என்ன பாடு பட்டன என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் வாய்க்காலும் ரோட்டுக்கு மேல் ஓடியது. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தோம். செங்குத்தாக நின்ற மேற்குக் கரை மூன்று இடத்தில் உடைந்திருந்தது. சரிவாக வெட்டி வெட்டிவேர் நட்ட கிழக்குக் கரை, படுத்த புல்லும் சேறுமாக, அப்படியே இருந்தது. அதிகாரிகள் இதை ஒருமுறை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுவர் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். கொஞ்சம் கீழே ஏற்கெனவே இருபுறமும் சுவர் வைத்த ஒரு பகுதி உண்டு. போன கார்த்திகையில் அதில் ஒரு கன்றுக்குட்டி விழுந்தது. ஏற வழியில்லாமல் சுவரில் காலை வைத்து வைத்து முழங்கால் தோல் உரிந்துவிட்டது. ஆறு பேர் கயிறு போட்டுத் தூக்கினோம். கன்று கத்தியது, ஓடி வந்தோம். ஆமையும் கீரியும் விழுந்தால் யாருக்கும் கேட்காது. அங்கே செத்து மிதந்த கீரியை நானே எடுத்துப் புதைத்திருக்கிறேன். ஒரு குழந்தை விழுந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கிழக்குக் கரையில் இன்றைக்கு இருப்பதைச் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பிள்ளை நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறாள். மாசி, பங்குனியில் பஞ்சுருட்டான் என்கிற சின்னப் பறவை கரை மண்ணைக் குடைந்து வளை போடுகிறது. முழுக் கை நீளத்துக்கு உள்ளே போகும். மீன்கொத்தியும் அப்படித்தான். மண் இல்லாவிட்டால் இரண்டுக்கும் வீடு இல்லை. சம்பு அடியில் விரால் குஞ்சு பொரித்து, செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வரும்போது தாய் மீன் கீழேயே நின்று காவல் காக்கும். கானாங்கோழி குஞ்சுகளோடு கோரைக்குள் ஓடுகிறது. ஆமை முட்டையிட மேலே ஏறி வருகிறது. தூக்கணாங்குருவி போன வருடம் திரும்பி வந்தது, பக்கத்துப் பனையில் ஏழு கூடு. அன்றைக்கு அந்த ஆயாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டினேன்.

மனிதர்களுக்கும் அந்தக் கரைதான். சாயந்திரம் வயதானவர்கள் மருதமர நிழலில் உட்காருகிறார்கள், பெண்கள் ஆடு கழுவ இறங்குகிறார்கள், பையன்கள் தூண்டில் போடுகிறார்கள். கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிக்கொண்டிருக்கும்போது, மண் வழியாக நிலத்துக்குள் இறங்குகிற தண்ணீரை நாமே சுவர் வைத்து ஏன் மறிக்க வேண்டும்?

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை, பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் தங்கள் பொருளைக் கொடுத்து வெட்டியதாக எங்கள் ஊரில் சொல்வார்கள். இன்றைக்கும் எங்கள் வயலுக்கு வருவது மண் கரைகளுக்கு நடுவே வந்த தண்ணீர்தான்.

நாங்கள் கேட்பது மூன்று. கிழக்குக் கரையில் சுவர் வேண்டாம். மேற்குச் சுவரில் நூறடிக்கு ஒரு இடத்தில் படியும், ஆடு மாடு ஏறுவதற்குச் சரிவும் வையுங்கள். பஞ்சுருட்டான் குஞ்சு பறந்து போகும்வரை, அதாவது சித்திரை முடியும்வரை, கிழக்குப் பக்கம் மிஷினை இறக்க வேண்டாம். தெருச் சாக்கடை இரண்டு இடத்தில் வாய்க்காலில் கலக்கிறது. அதை நிறுத்துவது எங்கள் மண்வெட்டியால் ஆகாது, அதற்கும் பணம் ஒதுக்கினால் நல்லது.

கோடு போட்ட பொறியாளர் வேலையைத் தொடங்கும் முன் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வரட்டும். மதகுப் பக்கம்தான் இருப்போம். எந்தெந்த வளையில் குஞ்சு இருக்கிறது என்று அந்தப் பிள்ளை நோட்டை வைத்துக்கொண்டு காட்டுவாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
பாகூர், புதுச்சேரி.