பிரசவித்துப் பத்து நாளைக்குள் தலைவலி என்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவித்து வீடு திரும்பிய பின் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர நேர்வது அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு அதிகம். ரத்த அழுத்தம் அதற்கு முக்கியக் காரணம். உடல்வாகு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிலடெல்பியாவில் பிரசவகால ரத்த அழுத்தம் இருந்த 206 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கிளினிக்குக்கு வரச் சொன்னவர்களில் முதல் 10 நாளில் அழுத்தம் பார்க்கப்பட்டவர்கள் 44 சதவீதம். கறுப்பினப் பெண்களில் மூன்றில் ஒருவர்தான். கருவியைக் கையில் கொடுத்து அளவைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொன்ன இன்னொரு குழுவிலோ, கறுப்பினத்தவர், மற்றவர் இரு தரப்பிலும் அது 90 சதவீதத்துக்கு மேல் போனது.

வீடு திரும்பியபின் அழுத்தம் பார்க்காமல் விட்டுப்போகும் இதே ஓட்டை நம் செட்டிநாட்டில் வேறு இடத்தில் இருக்கிறது. சுகப்பிரசவமானால் 48 மணி நேரம் கழித்து அனுப்புகிறார்கள். அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவதோ மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். அப்போது பெண் தாய்வீட்டில் இருப்பாள். அவள் பெயரோ புகுந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். கோனாபட்டுப் பெண் காரைக்குடியில் பெற்றால் மாவட்டமே மாறிவிடும். செங்கல் சூளைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துக்கு முகவரியும் இல்லை, மொழியும் இல்லை.

தலை வலிக்கிறது என்றால் வீட்டில் சுக்கை உரசி நெற்றியில் பத்துப் போடுகிறார்கள். பாசத்தோடு செய்வதுதான். ஆனால் தலைவலியோடு கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ பத்துக் காயும்வரை காத்திருக்கக் கூடாது. வலிப்பு வந்தபின் 'பிரசவ ஜன்னி' என்று சொல்லி என்ன பயன்?

கர்ப்பத்தில் அழுத்தம் இருந்தவருக்கு, அதுவும் கடுமையாக இருந்திருந்தால், பிரசவமான மூன்று நாளைக்குள் ஒருமுறை, ஏழிலிருந்து பத்து நாளைக்குள் மறுமுறை அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடக் காட்டும். மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110, அல்லது அதற்கு மேல் வந்து, 15 நிமிடம் கழித்தும் இறங்காவிட்டால் 108ஐ அழையுங்கள். பால் கெட்டுவிடும் என்று ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர். நிஃபெடிபின், லேபெடலால் இரண்டுமே பாலூட்டும்போது சாப்பிடக்கூடியவை. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

சுகாதாரத் துறைக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த பத்து நாள் அந்தப் பெண் தங்கப்போகும் ஊரையும் போன் எண்ணையும் எழுதி, அன்றைக்கே அந்த ஊர்ச் செவிலியருக்குத் தெரிவியுங்கள், அது எந்த மாவட்டமானாலும். சூளைப் பெண் என்றால் மேஸ்திரியின் எண்ணையாவது வாங்கி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தாய்சேய் நலப் பணியாளர்கள்,
காரைக்குடி.