கொல்லைச் சாவி

கானாடுகாத்தான்
ஞாயிறு

அன்புள்ள விசாலம்,

சித்திரையில் வந்த உன் கடிதத்துக்கு ஆவணியில் பதில். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு, கைமுறுக்கு சுற்றி வைக்கிறேன். முழங்கால் அப்படியேதான். ஓடு மாற்றப் பங்காளிகள் தருவதாகச் சொன்ன பணம் இன்னும் சொல்லாகவே இருக்கிறது.

எழுத வந்தது வேறு. பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். ராத்திரி வளவில் பாயைப் போட்டு, ஒன்பதாவதில் நாம் பாதியில் போட்டுவிட்டு ஓடின ‘சீக்ரெட் கார்டன்’ கதையைச் சொல்லி வருகிறேன். முதல் நாளே சண்டை. கதையில் வரும் பிள்ளை மேரி, கோபம் வந்தால் தன் ஆயாவை அறைவாள் என்றேனா, “ஆயாவையா!” என்று என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அது சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிற ஆயா, உன் அம்மாவைப் பெற்ற ஆயா இல்லை என்று விளக்குவதற்குள் கரண்டு போய்விட்டது.

1911-இல் வந்த புத்தகம். அப்போது நமக்கு மேரி ஒரு சிடுமூஞ்சி, அவ்வளவுதான். கணக்கு டீச்சருக்கு அந்தப் பெயரை வைத்தது நீதான், நானில்லை. இப்போது முதல் அத்தியாயத்தையே தாண்ட முடியவில்லை. இந்தியாவில் காலரா வந்து, ஆயா வராத காலையில், பிள்ளை தனியாக மண்ணைக் குவித்துக் குவித்து அதில் செம்பருத்திப் பூக்களைக் குத்தி வைக்கிறது. பூப்பாத்தியாம். வேர் இல்லாத பூ, மத்தியானத்துக்குள் சுருண்டிருக்கும்.

அப்பா அம்மா இருவரும் காலராவில் போய்விட, அப்புறம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். மாமா வீட்டில் நூறு அறை இருக்கும், பெரும்பாலும் பூட்டு. “நம்ம வீடா ஆயா?” என்றாள் பேத்தி. பத்து வருஷம் அடைத்துக் கிடந்த தோட்டத்துக்குள் நுழைந்ததும் மேரி எதையும் நடவில்லை, விசாலம். புல்லுக்குள்ளே பச்சை முனைகள் தெரிகின்றன. இதற்கு மூச்சு முட்டுமே என்று, கூரான ஒரு மரத்துண்டை எடுத்துச் சுற்றிலும் களைகிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. அதுவரை செருப்பைக்கூட அடுத்தவர் மாட்டிவிட்ட பிள்ளை! பிறகு மாமா, பொம்மை வேண்டுமா, புத்தகம் வேண்டுமா என்று கேட்கிறார். கொஞ்சம் மண் கிடைக்குமா என்கிறாள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பேத்தி பார்க்கும் முன் கொசு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

குறையும் உண்டு. பின்பாதியில், நோயாளி என்று படுத்தே கிடந்த மாமா மகன் கோலின் எழுந்து நடந்ததும் கதையே அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. தோட்டத்தைத் திறந்தவள் ஓரமாக நிற்கிறாள், நம் வீட்டு விசேஷங்கள் மாதிரி. இன்னொன்று, அவள் மஞ்சள் பூத்து நோஞ்சானாகக் கிடந்ததற்கு இந்தியாதான் காரணமாம்! இந்த வெயிலில் ஊருணிக்கரை முழுக்கத் திரிந்தோமே, நமக்கு என்ன வந்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றிலிருந்து பேத்தி கொல்லைக் கதவைத் திற என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தேங்காய் எண்ணெய் விட்டுப் பூட்டை ஆட்டியதில் என் வளையல்தான் நெளிந்தது. மகள் கல்யாணத்தன்று அண்டா எடுக்க உன்னிடம் ஒரு சாவிக்கொத்து கொடுத்தேனே, திருப்பித் தந்தாயா? பீரோவில் பார். இருந்தால் தபாலில் போடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. அவள் லீவு இன்னும் ஒன்பது நாள்தான்.

உன்
மீனாட்சி