வாட்டுக்குப் பணம் போட்டவர்கள்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நினைத்த காலேஜிலேயே சீட் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

சாயப்பட்டறைகளில் விறகைக் குறைக்க நீ செய்த பாய்லரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், கடன் கேட்கப் போன உன்னை வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் பேங்கில் விசாரித்து அனுப்பினார்களாமே. அதைப் படித்ததிலிருந்து எனக்கு நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் நினைவுதான்.

நீராவியைத் தனிக் கலத்தில் குளிர வைத்தால் நிலக்கரி மிச்சமாகும் என்பது அவருக்கு 1765-லேயே பிடிபட்டுவிட்டது. எஞ்சின் வேலைக்கு வந்ததோ 1776-ல். சிலிண்டரைத் துல்லியமாகக் குடைந்து தர ஆள் இல்லாதது ஒரு காரணம்; கையில் பணம் இல்லாதது இன்னொன்று. பிழைப்புக்காகக் கால்வாய் சர்வே எடுத்து அலைந்தார். காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பணம் போட்ட ஜான் ரோபக் 1773-ல் நொடித்துப்போனார். அவருடைய கடன்காரர்கள் அந்த எஞ்சின் பங்குக்குச் சல்லிக்காசு மதிப்புப் போடவில்லை. பர்மிங்ஹாமில் தொழிற்சாலை வைத்திருந்த மாத்யூ போல்டனுக்கு ரோபக் தரவேண்டிய பாக்கி 1,200 பவுண்டு. அதற்கு ஈடாக அந்தப் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார் போல்டன். 1775-ல் பார்லிமென்ட் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. போட்ட பணத்தை எடுக்க அவகாசம் கிடைத்தது.

வாட்டும் போல்டனும் வியாபாரம் செய்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் ஓயாமல் தண்ணீர் இறைக்க வேண்டும். நிலக்கரியோ கப்பலில் வரவேண்டும். எஞ்சின் பாகங்களுக்கும் நிறுவும் செலவுக்கும் சுரங்கக்காரர் பொறுப்பு. அதற்குமேல், அதற்கு முன் இருந்த நியூகோமன் நீராவி எஞ்சினைவிட எவ்வளவு கரி மிச்சமோ அதில் மூன்றில் ஒரு பங்கு வாட்டுக்கும் போல்டனுக்கும். மிச்சத்தைக் கணக்கிட, பம்பை இழுக்கும் எஞ்சினின் உத்தரம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ண ஒரு கருவி, யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டிய பெட்டிக்குள்.

பேங்க்காரர்கள் கையில் இருப்பது ஊரார் டெபாசிட். அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஓர் ஊரில் எத்தனை கிளை இருந்தாலும், வரப்போகும் மிச்சத்தை மதிப்பிடத் தெரிந்த ஒருவர் அங்கே இல்லையென்றால், கடன் எல்லாம் ஏற்கெனவே சொத்து உள்ளவனுக்கே போகும். புதுச் சரக்கு பட்டறையிலேயே கிடக்கும். புதிதாகச் செய்பவனுக்கு வாங்கும் சக்தியைத் தருகிறவர் பேங்கர் என்று பொருளாதார அறிஞர் ஷும்பீட்டர் 1911-லேயே எழுதிவிட்டார். நம் நாட்டிலும் 2000 முதல் சிறு தொழில்களுக்கு அடமானம் இல்லாக் கடனுக்கான உத்தரவாத நிதி இருக்கிறது. சிஜிடிஎம்எஸ்இ என்று பேர் சொல்லியே கேள். மேனேஜர் தட்டிக்கழித்தால் எழுத்தில் பதில் வாங்கு.

அதோடு, உன் பாய்லர் ஓடும் பட்டறையின் விறகு பில்களை, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ளதை, மாதவாரியாக எடுத்து அனுப்பு. மிச்சத்தில் பங்கு என்ற கணக்கில் இரண்டு பட்டறை முதலாளிகளிடம் பேசிப் பார்க்கலாம். ஒப்பந்தம் எழுத நான் வருகிறேன்.

உன் பழைய ரூம்மேட்