"நீங்கள் யார்?" என்று தாய் கேட்கட்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் முதல்வர்கள், கண்காணிப்பாளர்கள், மகப்பேறு வார்டுகளின் பொறுப்புச் செவிலியர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

என் மகளின் தலைப்பிரசவத்துக்குத் துணையாக ஓர் அரசு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தேன். சிசேரியன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். மூன்றாம் நாள், விடிந்தும் விடியாத நேரம், வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பெண் வார்டுக்குள் வந்தார். முகத்தில் மாஸ்க். "எடை பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, மகளின் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மகளால் தையல் வலியில் எழுந்து உட்காரவும் முடியவில்லை. நான் பின்னாலேயே ஓடி, "அம்மா, நீங்கள் யார்? எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் நின்று திரும்பி வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "உன் பேத்தியை நான் என்ன தின்றுவிடவா போகிறேன்? அவ்வளவு சந்தேகம் இருந்தால் பணம் கட்டித் தனியாரிடம் போயிருக்க வேண்டியதுதானே!"

அவர் உண்மையிலேயே அந்த மருத்துவமனைப் பணியாளர்தான். பத்து நிமிடத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து படுக்க வைத்தார். இரண்டு கிலோ எழுநூறு என்று எடையும் குறித்திருந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் அன்று மாலை பக்கத்துக் கட்டில் பெண்ணின் பிள்ளையைத் தடுப்பூசிக்கு என்று வேறொருவர் வந்து தூக்கியபோது, அந்தப் பெண்ணும் அவளுடைய மாமியாரும் வாயைத் திறக்கவே இல்லை. போகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் எனக்குக் கிடைத்த வசவு அவர்களுக்கும் சேர்த்துத்தான் விழுந்திருந்தது. அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

2021 அக்டோபரில் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெண் பிரசவ வார்டில் ஒத்தாசை செய்கிறவளாக வந்து பழகினாள். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்க் குளித்துவிட்டு வா" என்று தாயை அனுப்பினாள். பிறந்து நான்கே நாளான பெண் குழந்தையைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தே வெளியேறினாள். போலீஸார் இரவு பகலாகத் தேடிப் பட்டுக்கோட்டையில் மீட்டார்கள். 2022 ஜனவரியில் கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவிலியர் வேடத்தில் வந்தவள், மஞ்சள் காமாலை பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். அதே ஆண்டு ஜூலையில் பொள்ளாச்சி அரசு மருத்துவமனையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளையைப் பாலக்காட்டுப் பக்கம் போய் மீட்க வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் சேலம்.

தஞ்சாவூரிலும் கோட்டயத்திலும் எவரும் கதவை உடைக்கவில்லை, கத்தியைக் காட்டவில்லை. "குளித்துவிட்டு வா", "காமாலை பார்க்க வேண்டும்" என்ற ஒவ்வொரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஏன் போதுமானதாக இருந்தது என்று துறையில் உட்கார்ந்து யோசித்தீர்களா? நம் வார்டுகளில் உண்மையான பணியாளரும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார், அதே தோரணையில்தான் பிள்ளையைத் தூக்குகிறார். அசலுக்கும் போலிக்கும் ஒரு பச்சை உடம்புக்காரியால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதபடி நடைமுறையை வைத்திருப்பது நாம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அது கசப்பானது. பிள்ளை பிறந்ததும் ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதில் குறைவாக ஒரு தொகை என்று கை நீட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. துணியில் சுற்றிய பிள்ளையைக் காட்டுவதற்கு ஒன்று, ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கு ஒன்று. எல்லோரும் அப்படி இல்லை. என் மகளுக்கு இரவெல்லாம் கால் பிடித்துவிட்டுப் பத்து ரூபாய்கூட வாங்க மறுத்த ஓர் ஆயாவை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் அந்த வழக்கம் குடும்பங்களுக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: இங்கே பிள்ளை சீருடைக்காரர் கையில் இருக்கிறது, அவர் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. திருட வருகிறவளுக்கு இதைவிட வசதியான பாடம் இருக்க முடியுமா? லஞ்சத்தை ஊழல் தடுப்பு விவகாரமாக மட்டும் பார்க்காதீர்கள். அது குழந்தைகளின் பாதுகாப்பு விவகாரமும்கூட.

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் கேமரா பொருத்துவதாக அறிவிக்கிறீர்கள். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூரில் கேமராப் பதிவுதான் போலீஸாருக்கு வழி காட்டியது. ஆனால் அது போனவளைக் காட்டியது, போகவிடாமல் தடுக்கவில்லை. நாங்கள் இருந்த மருத்துவமனையில் வாசல் காவலாளி உள்ளே போகும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பார், பாஸ் இல்லாத ஆண்களை விரட்டுவார். வெளியே போகும் பையை ஆறு நாளில் ஒரு தடவைகூட அவர் ஏறிட்டுப் பார்த்து நான் காணவில்லை. பிரசவ வார்டில் விலைமதிப்பில்லாதது உள்ளேதான் இருக்கிறது. காவல் வெளியே போகிறவர்களைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

கோட்டயத்துப் பிள்ளை எப்படிக் கிடைத்தது? மருத்துவமனைக்கு அருகிலிருந்த ஒரு ஹோட்டலிலிருந்து, கைக்குழந்தையோடு போக வேண்டும் என்று வண்டி கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பச்சைக் குழந்தை காணாமற்போன செய்தி டாக்சி ஓட்டுநர் காதில் விழுந்திருந்தது. அவருக்குப் பொறி தட்டியது, சொன்னார், ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை தாயிடம் வந்துவிட்டது. அவர் சம்பளம் வாங்கும் காவலாளி இல்லை. ஆனால் செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, கேட்கும் துணிச்சலும் இருந்தது. அந்த இரண்டும் வார்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டியவை.

தூக்கிச் செல்கிறவர்கள் யார் என்பதைப் பற்றியும் நாம் பேசத் தயங்கக் கூடாது. பிள்ளைகளை விற்கும் கும்பல்கள் உண்டு. 2019இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் பல வருடங்களாகக் குழந்தை விற்றதாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியாகி நாடே அதிர்ந்தது. அது வேறு கணக்கு, அதற்கு வேறு விசாரணை. வார்டுக்குள் வந்து தூக்கிப் போகிறவர்களில் பலர், வயிற்றில் இல்லாத பிள்ளையை இருப்பதாகச் சொல்லிவைத்த பெண்கள். அமெரிக்காவில் காணாமற்போகும் குழந்தைகளுக்கான தேசிய மையம் பல பத்தாண்டுகளாக இத்தகைய கடத்தல்களைத் தொகுத்துவருகிறது. அதில் மறுபடி மறுபடி வருவது இந்த முகம்தான்: கர்ப்பம் என்று வீட்டில் சொல்லியிருப்பாள், முன்கூட்டியே மருத்துவமனைக்கு வந்து வழிகளைப் பார்த்திருப்பாள், வார்டின் நடைமுறைகளை விசாரித்திருப்பாள், செவிலியர்போல உடுத்தியிருப்பாள். தஞ்சாவூரையும் கோட்டயத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பல இடங்களில் பொருந்தும்.

நான் முப்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்கப்பட்டே கூனிப்போன பெண்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். வளைகாப்புக்கு அழைக்காமல் விடுவார்கள், அழைத்தாலும் வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். இன்னொருத்தியின் பிள்ளையைத் திருடியதற்கு இது நியாயம் ஆகாது. பால் கட்டிய மார்போடு பிள்ளையைத் தேடி வார்டு வார்டாக ஓடுகிறவளின் வேதனைக்கு முன்னால் எந்த நியாயமும் நிற்காது. ஆனால் இந்த முகத்தைத் தெரிந்துகொண்டால் வார்டில் ஒரு வேலையைச் செய்ய முடியும். நோயாளி யாரும் இல்லாமல் இரண்டு மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், "எந்தக் கட்டிலுக்குத் துணை வந்திருக்கிறீர்கள்?" என்று ஒரு செவிலியர் கேட்கலாம். அப்படிக் கேட்டால் பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அதே மருத்துவமனையில் கருத்தரிப்பு ஆலோசனை எங்கே கிடைக்கும், சட்டப்படி தத்தெடுக்க யாரை அணுக வேண்டும் என்று நன்றாகத் தெரியும்படி எழுதிவைப்பதும் உங்களால் முடிகிற காரியம்தான்.

என் பேத்தியின் கணுக்காலில் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தார்கள். அதில் நீல மையில் என் மகளின் பெயரும் உள்நோயாளி எண்ணும். மூன்றாம் நாளுக்குள் ஈரத்துணி பட்டுப் பெயரில் பாதி அழிந்துவிட்டது. ஐந்தாம் நாள் துணி மாற்றும்போது பிளாஸ்திரியே சுருண்டு கீழே விழுந்தது. தாயின் கையில் ஒன்றுமே இல்லை. எந்தப் பிள்ளை எந்தத் தாயுடையது என்பதற்கு அந்த வார்டில் அதன் பிறகு என் மகளின் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. இந்தத் தமிழ்நாட்டில்தான் கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து, பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பதிந்து கொடுக்கிறார். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. அத்தனை நேர்த்தியாகக் கணக்கு வைக்கும் துறை, அதே எண்ணை அழியாத எழுத்தில் அச்சிட்டு, வெட்டினால் ஒழியக் கழற்ற முடியாத இரண்டு பட்டைகளைத் தாய்க்கும் பிள்ளைக்கும் பிரசவ அறையிலேயே கட்டிவிட முடியாதா? இது கோடிகள் கேட்கும் காரியம் இல்லை.

எண்ணைச் சரிபார்க்காமல் டிஸ்சார்ஜ் இல்லை, எண்ணைச் சரிபார்க்காமல் வாசலைத் தாண்டவும் முடியாது என்று ஆணை போடுங்கள். பிள்ளை காணவில்லை என்று ஒரு தாய் கத்திய அடுத்த நிமிடம் யார் எந்த வாசலை மூட வேண்டும் என்பது துப்புரவுப் பணியாளர்வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளில் இதற்கென்றே 'கோட் பிங்க்' என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். தீயணைப்பு ஒத்திகை போல அதற்கும் ஒத்திகை நடத்துகிறார்கள். நம்மிடம் முதலில் கண்காணிப்பாளருக்குச் சொல்லி, அவர் புறக்காவல் நிலையத்துக்குச் சொல்லி, அதற்குள் பஸ் புறப்பட்டுவிடுகிறது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் உங்களிடம் கேட்பது ஒன்று. எடை, தடுப்பூசி, காமாலை விளக்கு, குளிப்பாட்டல், எதுவானாலும் சரி, பிள்ளையைக் கட்டிலைவிட்டு எடுத்துப்போகும்போது தாயோ துணைக்கு இருப்பவரோ கூடவே போவார் என்பதைச் சலுகையாக இல்லாமல் விதியாக எழுதுங்கள். அவசரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டியிருந்தாலும் துணைக்கு வந்தவர் அதன் வாசல்வரை வரட்டும். பணியாளர் தன் பெயரைச் சொல்லி, மாஸ்க்கை இறக்கி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும். கேட்ட தாயைத் திட்டினால் அதற்கு நடவடிக்கை உண்டு என்று பெரிய எழுத்தில், தமிழில், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் மாட்டுங்கள். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. மாதாந்தரப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரும்போதே, சத்து மாத்திரை சாப்பிடச் சொல்வதோடு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். வலி எடுத்து வருகிறபோது சொன்னால் எவள் காதில் ஏறும்?

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசக் குழந்தைக் கடத்தல் வழக்கொன்றில், பச்சிளம் குழந்தை ஒரு மருத்துவமனையிலிருந்து கடத்தப்பட்டால் முதல் நடவடிக்கையாக அதன் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று சொன்னது. அரசு மருத்துவமனையை மூடச் சொல்லி நான் கேட்க மாட்டேன். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒப்பந்தக் காவலாளி ஒருவரையும் இரவுப் பணிச் செவிலியர் ஒருவரையும் பணியிடை நீக்கம் செய்து கோப்பை மூடுவது அந்தத் தீர்ப்பின் உள்ளத்துக்கு ஏற்றதாகுமா? ஒரு செவிலியரிடம் எத்தனை கட்டில்களை ஒப்படைத்திருந்தீர்கள் என்ற கேள்வியும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், 1967இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்த அதே மருத்துவமனையிலிருந்து 1997இல் பிறந்து மூன்று நாளான ஒரு பெண் குழந்தை களவு போனது. பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தாள். அவள் படித்த பள்ளியிலேயே அவளுடைய சொந்தத் தங்கை வந்து சேர்ந்தாள். இருவர் முகமும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்துபோய்த் தேடியதில் உண்மை வெளிவந்தது. பெற்றவர்கள் வருடா வருடம் அவளுடைய பிறந்தநாளை அவள் இல்லாமலே கொண்டாடியிருக்கிறார்கள். நம்மூரில் பெரும்பாலும் ஓரிரு நாளில் மீட்டுவிடுகிறோம். அதற்காகக் காவல் துறைக்குக் கோடி நன்றி. ஆனால் ஒரு நாள் மீட்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பெற்றோரின் பதினேழு ஆண்டுகள் இருக்கின்றன.

என் பேத்தி இப்போது ஓடி விளையாடுகிறாள். மகள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதே மருத்துவமனைக்குத்தான் வருவோம். இந்த முறையும் துணைக்கு நான்தான். கட்டிலின் தலைமாட்டில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இல்லாவிட்டாலும் பிள்ளையைத் தூக்க வருகிறவரிடம் அதே கேள்வியைக் கேட்பேன். பக்கத்துக் கட்டில் பெண்ணும் பயமில்லாமல் கேட்கும்படி செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
பிரசவத் துணைக்கு வந்த ஒரு பாட்டி