நம் பணத்திலா, அந்நாட்டுப் பணத்திலா?

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருக்கிறது, பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், நீயும் கமலாவும் தாய்லாந்து, ஜப்பான் என்று கிளம்புகிறீர்கள். எல்லாமே நல்ல செய்திதான். இங்கே நாங்களும் சௌக்கியம். பெரியவனுக்கு வேலை மாறியிருக்கிறது, சம்பளத்தைவிட அலைச்சல்தான் கூடியிருக்கிறதாம்.

டாலர் கட்டாக வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு போவதா, அங்கே போய் ஏ.டி.எம்.மில் எடுப்பதா என்று கேட்டிருந்தாய். அங்கேயே எடு. கைச்செலவுக்குக் கொஞ்சம் மட்டும் முன்னாடியே மாற்றி வைத்துக்கொள். விமான நிலையத்தில் ‘கமிஷன் கிடையாது’ என்று பலகை வைத்திருப்பார்கள். கமிஷன் தனியாக இருக்காதுதான், அவர்கள் தரும் ரேட்டிலேயே அது ஒளிந்திருக்கும். வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏ.டி.எம்.மில் மூன்று பேர் உன்னிடம் கை நீட்டுவார்கள். உன் வங்கி வெளிநாட்டில் பணம் எடுத்ததற்கு ஒரு கட்டணம் போடும், அதோடு மாற்று விகிதத்தில் இரண்டு, மூன்று சதவீதம் சேர்த்துக்கொள்ளும். அந்த ஊர் வங்கி தன் மெஷினுக்கு வாடகை கேட்கும். மூன்றாவது ஆள்தான் மோசம், அவன் உன் சம்மதத்தோடு எடுத்துக்கொள்வான்.

எப்படி என்றால், தொகையை அழுத்தியதும் திரையில் ஒரு கேள்வி வரும்: ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கில் கழிக்கட்டுமா?’ பக்கத்திலேயே நம் பணத்தில் எவ்வளவு என்று துல்லியமாகக் காட்டும். பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அதற்குத்தான் விலை. டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று இதற்குப் பெயர். அந்த ரேட்டைக் கார்டு நிறுவனங்களான விசாவோ மாஸ்டர்கார்டோ போடுவதில்லை, மெஷின்காரர்கள் போடுகிறார்கள். சில இடங்களில் 10 சதவீதத்தையும் தாண்டும். வேண்டாம் என்று அழுத்து. அழுத்தினால் பணமே வராதோ என்று பயப்படாதே, வரும். அந்நாட்டுப் பணத்திலேயே கணக்குப் போட்டு, கார்டு நிறுவனத்தின் ரேட்டில் மாற்றி உன் கணக்கில் கழிப்பார்கள். ‘வேண்டாம்’ பொத்தானைச் சின்னதாக, மங்கலாக வைத்திருப்பார்கள், சில மெஷின்களில் இரண்டாம் முறையும் கேட்பார்கள். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், அங்கேயும் இதே பதில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று காட்டியாக வேண்டும் என 2020 ஏப்ரலிலிருந்து விதியே இருக்கிறது. சட்டம் போட்டுத்தான் சொல்ல வைக்க வேண்டியிருக்கிறது, பார்!

அந்த ஊர் வங்கியின் வாடகையைத் தவிர்ப்பது கஷ்டம், குறைக்கலாம். தாய்லாந்தில் பெரும்பாலான வங்கிகள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் வாங்குகின்றன. 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 எடுத்தால் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் உன் பழக்கத்தை அங்கே விட்டுவிடு. மொத்தமாக எடுத்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் பல வங்கிகளின் ஏ.டி.எம்.கள் நம் கார்டை எடுத்துக்கொள்வதில்லை. செவன் இலெவன் கடைகளுக்குள்ளும் தபால் நிலையங்களிலும் இருக்கும் மெஷின்களில் எடுக்கலாம்.

அப்புறம், கிரெடிட் கார்டில் மட்டும் பணம் எடுக்காதே. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் பணம் எடுத்தால் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். கட்டணம் வேறு தனி. டெபிட் கார்டு இரண்டு இருக்கட்டும், வேறு வேறு வங்கியுடையதாக, ஒரே பர்ஸில் வைக்காமல். வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவைத்துவிடு. வங்கியிலிருந்து ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வரும் என்பதையும் பார்த்துக்கொள், அந்த சிம் அங்கே வேலை செய்ய வேண்டும். முடிந்தவரை வங்கிக் கிளையை ஒட்டியிருக்கும் மெஷினில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடு. கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்கலாமே.

வெளிநாட்டுப் பணத்தை முன்னாடியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். நீ போகும் நாட்டுப் பணத்தையே அதில் ஏற்ற முடிந்தால் நல்லதுதான். டாலரை ஏற்றிக்கொண்டு போய் யென் எடுத்தால் இன்னொரு முறை மாற்றுக் கட்டணம் விழும், மீந்த பணத்தைத் திரும்ப மாற்றும்போதும் ஒரு வெட்டு. உனக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உன் வங்கி ஒரு முறைக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று கிளையில் கேட்டு எழுது. ரொம்ப அதிகமென்றால், கிளம்புவதற்குள் வேறொரு கணக்குத் திறக்க நேரம் இருக்கிறது. கமலாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு